மலைநாட்டில் இலங்கை வரியனைப் படம்பிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலைநாட்டுக்கு வண்ணத்துப்பூச்சியைப் படமெடுக்க வருகிறவர்களில் பலர் விடியற்காலை நான்கு மணிக்கே வேன் பிடித்து ஹோட்டன் சமவெளிக்கு ஓடுகிறார்கள். அங்குள்ள செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பான உலக முடிவைப் பார்ப்பதற்கு அந்த நேரம் சரிதான். பத்து மணிக்குள் பள்ளத்தாக்கை மூடுபனி மறைத்துவிடும். வண்ணத்துப்பூச்சிக்கோ அந்தக் குளிரில் இறக்கையை அடிக்க வலு இருக்காது. வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை அது எங்காவது இலை மறைவில் தொங்கிக்கொண்டிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவர்கள் காலைத் தேநீரைக் குடித்துவிட்டு, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் இருக்கும் ஓடைக்கரைக்கு ஆற அமர நடந்து போனாலே போதும். அனுமதிச்சீட்டு, வேன், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் செலவழிக்கிறவருக்குக் கிடைக்காத ஒன்று அங்கே வசிக்கிறவருக்குக் கிடைக்கிறது: அதே செடிக்கு நாளைக்கும் போகலாம்.

எல்லா வண்ணத்துப்பூச்சிகளையும் ஒரே நேரத்தில் துரத்தினால் எதுவும் உருப்படியாக அமையாது. அதனால் இங்கே ஒரே இனத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் சிலோன் டைகர், அறிவியல் பெயர் பரன்டிகா தப்ரோபனா. தமிழில் இந்தக் கூட்டத்துக்கு வரியன் என்ற பெயர் இருப்பதால் இலங்கை வரியன் என்றே அழைப்போம். இலங்கைக்கு மட்டுமே உரிய இனம், அதிலும் மலைநாட்டுக்காரர். கரையோரத்தில் எவ்வளவு அலைந்தாலும் கிடைக்காது; நுவரெலியா, ஹக்கலை, ஹப்புத்தளை, ஹோட்டன் சமவெளிப் பக்கங்களில் வீதியோரத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பூச்சி அமையாது. உருவம் பெரியது. உடம்பில் நச்சு இருப்பதால் பறவைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. அந்தத் தைரியத்தில் அவசரமில்லாமல் பறக்கிறது.

ஆளை அடையாளம் காணுதல்

கருமையான இறக்கை, அதில் நீலம் கலந்த வெண்மையில், ஒளி ஊடுருவுகிற நீண்ட கீற்றுகளும் புள்ளிகளும். தலையும் நெஞ்சும் கறுப்பு, அவற்றில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதான் தெரியும், இதே வருணனை வேறு சிலருக்கும் பொருந்தும். கண்ணாடி வரியன் இதன் நெருங்கிய உறவு. அது தாழ்நிலத்திலும் உண்டு, மலையிலும் உண்டு. நீல வரியனும் கருநீல வரியனும் வலசை வரும் காலத்தில் மலைக்கும் ஏறும்.

குழப்பத்தைத் தீர்க்க ஆண் பூச்சியின் பின்னிறக்கையைப் பாருங்கள். நீல வரியன், கருநீல வரியன் ஆண்களுக்குப் பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில் சின்னப் பை ஒன்று புடைத்துக்கொண்டிருக்கும். இலங்கை வரியனுக்கும் கண்ணாடி வரியனுக்கும் பை கிடையாது. பின்னிறக்கையின் கீழ் மூலையில், நரம்புகளை ஒட்டி, மை தடவியது மாதிரி ஒரு கரிய திட்டு இருக்கும். பை இல்லாத இந்த இருவரையும் பிரிக்கக் கீற்றுகளின் அளவையும் அமைப்பையும் ஒப்பிட வேண்டும். அதற்கு மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டின் படமும் வேண்டும். எனவே அழகான ஒரு படம் கிடைத்தவுடன் கமராவை மூடிவிடாதீர்கள். பூச்சி இறக்கையைத் திருப்பும்வரை நின்று மற்றப் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேடதாரிகளும் உண்டு. அழகி வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனம், நச்சு எதுவும் இல்லாமலே வரியனின் உடையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. பறவை ஏமாறலாம், கமரா வைத்திருக்கிறவர் ஏமாறத் தேவையில்லை. கால்களை எண்ணுங்கள். வரியன் நான்கு காலில்தான் நிற்கும். முன்னங்கால் இரண்டும் குறுகி நெஞ்சோடு மடங்கியிருக்கும். வேடதாரி ஆறு காலையும் ஊன்றி நிற்கும்.

எந்த மாதம், எந்த மணி

பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரை. இலங்கையில் இளவேனில் என்று தனிப் பருவம் ஒன்று இல்லாவிட்டாலும், மலைநாட்டில் மாசியும் பங்குனியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஜனவரியில் புல்லைக் கருக்கிய உறைபனி விலகுகிறது, முள்முருங்கை சிவக்கிறது, காலை வானம் திறக்கிறது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலமும் இதுதான். மார்ச், ஏப்ரலில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறவற்றைப் பார்த்து, மலையைக் கும்பிடப் போகின்றன என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவை வலசை போகும் வேறு இனங்கள். நம் ஆள் மலையிலேயே குடியிருப்பவர்.

மார்ச் பிற்பாதியிலிருந்து பிற்பகல் இடிமழை தொடங்கும். மதியம் ஒரு மணிக்கு மேல் மேகம் திரண்டால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மே மாதம் தென்மேல் பருவமழை வந்துவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். அப்போது மலையின் மறுபக்கம் போங்கள். பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர்வரை காய்ந்து கிடக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் நுவரெலியா நகரத்துக்குள் போவதைத் தவிருங்கள். ஏப்ரல் சீசன் நெரிசலில் பஸ் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் நல்ல வெளிச்சம் முடிந்திருக்கும்.

நாளுக்குள் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. காலை ஏழரை முதல் ஒன்பதரைவரை முதல் கட்டம். இரவுக் குளிரில் விறைத்த பூச்சி, கிழக்கு பார்த்த இலையில் ஏறி, இறக்கையை முழுதாக விரித்து வெயில் காயும். கருமையான இறக்கையும் உடம்பும் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். மேல்பக்கப் படத்துக்கு இதுதான் நேரம். சூடு ஏறும்வரை ஆள் நகரமாட்டார். ஒன்பதரைக்கு மேல் பூவுக்கு வரும், தேன் குடிக்கும்போது இறக்கையை மூடிக்கொள்ளும், அடிப்பக்கப் படம் அப்போது. வெயிலும் மேகமும் மாறி மாறி வருகிற நாள் முழு வெயில் நாளைவிட நல்லது. மேகம் மறைத்தவுடன் பூச்சி இருந்த இடத்திலேயே அடங்கும். மேகம் விலகினால் மறுபடி இறக்கையை விரிக்கும்.

எங்கே நிற்பது

தேயிலை பயிரிட்ட சரிவைத் தோட்டத்தில் மலை என்றே சொல்வார்கள்; அதன் நடுவில் தேடாதீர்கள். கொழுந்து எடுக்கிற மட்டத்தில் சீராக மூடிக்கிடக்கும் தேயிலைக்குள் பூ எதுவும் இல்லை. ஓரங்களுக்குப் போங்கள்: மலையும் காடும் சந்திக்கிற விளிம்பு, கானோரம் (வடிகால் ஓரம்), ஓடைக்கரை, பழைய குறுக்குப்பாதை. கவ்வாத்து வெட்டிய மலையையும் விட்டுவிடாதீர்கள். செடியின் தலையை வெட்டியதும் தரையில் வெயில் விழுகிறது, களை பூத்துக் குலுங்குகிறது. ஊதாவும் வெள்ளையுமாகச் சின்னக் குஞ்சங்களாய்ப் பூக்கும் களை ஒன்று எல்லாத் தோட்டத்திலும் உண்டு. நிர்வாகத்துக்கு அது தொல்லை, வரியனுக்கு விருந்து. நாயுண்ணிப் புதரும் நல்ல இடம்தான். ஆனால் எந்த மலையில் களைக்கு மருந்து அடித்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அடித்த மலையில் பூச்சியும் இருக்காது, உங்கள் உடம்புக்கும் நல்லதல்ல.

பூவைவிடப் பலமான ஈர்ப்பு ஒன்று இருக்கிறது: காய்ந்த கிலுகிலுப்பைச் செடி. ஓரத்தில் முறிந்து, வாடி, கறுத்துப்போன கிளை ஒன்று கிடந்தால் அதைக் கடந்து போகாதீர்கள். வரியன் கூட்டத்து ஆண்கள் அங்கே வந்து, அந்த வாடலைக் கால்களால் சுரண்டி, உறிஞ்சுகுழலால் ஈரமாக்கி, அதிலுள்ள கசப்புச் சத்தை உறிஞ்சும். அந்தச் சத்திலிருந்துதான் பெண்ணை மயக்கும் வாசனையை உண்டாக்குகின்றன. வயிற்று நுனியில் தூரிகை மாதிரி விரியும் முடிக்கற்றையால் அந்த வாசனையைப் பரப்புகின்றன. இந்த வேலையில் இறங்கிவிட்ட ஆண் பூச்சி பல நிமிடங்கள் ஓரிடத்திலேயே இருக்கும். அருகில் குந்தினாலும் பெரிதாகப் பொருட்படுத்தாது. படத்துக்காகப் பச்சைச் செடியை முறித்துப் போடத் தேவையில்லை. ஓரங்களில் தேடினால் வாடியது கிடைக்கும்.

தோட்டம் கைகொடுக்காவிட்டால் ஹக்கலை தாவரவியல் பூங்கா. 1861-இல் சின்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கிய இடம். பூவும் பின்னாலேயே காடும் இருப்பதால் வண்ணத்துப்பூச்சிக்குக் குறைவில்லை. நுவரெலியா நகரை ஒட்டிய கல்வேஸ் காடும் நல்லது. ஹோட்டன் சமவெளிக்குத்தான் போவேன் என்றால் ஒன்பது மணிக்குப் பிறகு, கூட்டம் உலக முடிவிலிருந்து திரும்புகிற நேரத்தில், காட்டோரமாக நடந்து பாருங்கள். பாதையை விட்டு இறங்கக் கூடாது. பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், கமராவுக்கு மழைக்காகச் சுற்றியிருப்பதையும் சேர்த்து. துணி உறை கொண்டு போங்கள்.

என்ன கொண்டு போவது

இலங்கை வரியன் இறக்கையை விரித்தால் ஏறத்தாழ எட்டு, ஒன்பது சென்றிமீற்றர். முழுச்சட்டகக் கமராவில் பிம்பம் விழும் உணரியின் அகலம் 36 மில்லிமீற்றர். அதாவது, பூச்சியின் மூன்றிலொரு பங்கு அளவு பிம்பம் உணரியில் விழுந்தாலே படம் நிறைந்துவிடும். மிகக் கிட்டத்தில் எடுக்கும் விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ் கட்டாயம் என்று கடைக்காரர் சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீற்றர் தூரத்தில் ஃபோகஸ் பிடிக்கும் 300 மில்லிமீற்றர் ஸூம் லென்ஸ் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும், பூச்சிக்கும் தொல்லை இல்லை. 100 மில்லிமீற்றர் மேக்ரோ இருந்தால் இன்னும் கூர்மை. கண், உறிஞ்சுகுழல், இறக்கைச் செதில்வரை போகலாம். 50 மில்லிமீற்றர் மேக்ரோவை இதற்கு வாங்காதீர்கள். முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டினால் எந்தப் பூச்சி இருக்கும்?

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா? பரவாயில்லை, ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். பல கைப்பேசிகளில் கிட்டப் போனவுடன் மேக்ரோ முறை தானாக இயங்கி, அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். அதற்குப் பூவிலிருந்து இரண்டு, மூன்று சென்றிமீற்றருக்குள் போக வேண்டும். உங்கள் கை நிழல் விழும், பூச்சி பறந்துவிடும். அந்த முறையை அணைத்துவிட்டு, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸைத் தெரிவுசெய்து, அரை மீற்றர் தள்ளி நில்லுங்கள். பூச்சியின் தலைமேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். தொடர் படமாக எடுங்கள்.

முக்காலி தேவையில்லை; விரித்து முடிப்பதற்குள் பூச்சி அடுத்த மலைக்குப் போயிருக்கும். பனியில் நனைந்த தரையில் முழங்காலிட ஒரு படங்கு வேண்டும். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அதே படங்குதான். நனையாது, முள் ஏறாது. தாழ்வான ஈரக்காட்டில் அட்டைக்காகக் காலுறையில் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அமைப்புகள்

பூவில் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 1/500 வினாடி. மலைக்காற்றில் செடி ஆடிக்கொண்டே இருக்கும். 1/800 இன்னும் பாதுகாப்பு. லென்ஸில் ஒளி நுழையும் துளை எஃப் 8. உணரியின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு, உச்சவரம்பு 3200 என்று வைத்துவிடுங்கள். கொஞ்சம் மணல் மாதிரித் தெரிகிற படத்தைத் திருத்திக்கொள்ளலாம், அசைந்த படத்தை எதுவும் செய்ய முடியாது.

இந்த இனத்துக்கு வெளிச்சம்தான் பெரிய சிக்கல். இறக்கை கறுப்பு, கீற்று வெளுப்பு. கமரா கறுப்பைப் பார்த்து இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். நீல வெண்மைக் கீற்றுகள் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். போன நிறம் திரும்பி வராது. எனவே வெளிச்ச ஈட்டுதலை (கமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மூன்றில் இரண்டு படி குறைத்து வையுங்கள். கறுப்பு கொஞ்சம் ஆழ்ந்து போனாலும் ரோ கோப்பாக (கமரா சுருக்காத மூலப் பதிவாக) எடுத்திருந்தால் பிறகு தூக்கிவிடலாம். உச்சி வெயிலில் எடுக்கவே வேண்டாம். மெல்லிய மூடுபனி வெயிலுக்கு முன்னால் ஓடுகிற அந்தச் சில நிமிடங்களில் எந்தக் கலையகத்திலும் கிடைக்காத வெளிச்சம் இலவசமாக வருகிறது.

இனி இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கணக்கு. மூன்றிலொரு பங்கு பிம்பம், எஃப் 8 என்றால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஆறு மில்லிமீற்றர்தான். எஃப் 16-க்குப் போனாலும் பதினொன்று, பன்னிரண்டுதான்; வெளிச்சமும் நான்கிலொரு பங்காகிவிடும். ஆகவே துளையைச் சுருக்கிச் சமாளிக்கப் பார்க்காமல், நீங்கள் நிற்கிற கோணத்தைத் திருத்துங்கள். மூடிய இறக்கை என்றால் கமராவின் முதுகு இறக்கைக்குச் சரியாக இணையாக இருக்க வேண்டும். விரித்த இறக்கை என்றால் மேலிருந்து, நான்கு இறக்கை நுனிகளும் ஒரே தூரத்தில் இருக்கும்படி. அரை அடி இடம் வலமாக நகர்ந்தாலே இறக்கை முழுவதும் கூர்மையாவதைத் திரையில் பார்ப்பீர்கள். இணையாக நிற்க முடியாத இடத்தில் இறக்கையை விட்டுவிட்டுக் கண்ணுக்கு ஃபோகஸ் பிடியுங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றது மங்கினாலும் படம் நிற்கும். கறுப்புத் தலையில் கறுப்புக் கண்ணைக் கமரா தேடித் திணறும். பக்கத்திலுள்ள வெள்ளைப் புள்ளியின்மேல் ஃபோகஸ் புள்ளியை வைத்தால் உடனே பிடிக்கும்.

கிட்டப் போவது

துரத்தாதீர்கள். வரியன் மெதுவாகப் பறக்கிறது என்று பின்னால் ஓடுகிறவர், கானில் கால் வைத்து விழுவதுதான் மிச்சம். பூத்த செடி ஒன்றைத் தெரிவுசெய்து, வெயில் உங்கள் முதுகுக்கும் தோளுக்கும் இடையிலிருந்து வரும்படி அமர்ந்து, வருவதற்குக் காத்திருங்கள்.

வந்து அமர்ந்தால் உடனே நெருங்க வேண்டாம். முதலில் இரண்டு மீற்றரிலிருந்து ஒரு படம்; அடையாளத்துக்கு அது போதும். உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் இறக்கும்வரை பொறுங்கள். குடிக்கத் தொடங்கிய பிறகு தாழ்ந்து, குனிந்தபடி, நேர்கோட்டில் ஓர் அடி முன்னால், ஒரு படம், மறுபடி ஓர் அடி. வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண் குறுக்கே நகர்வதைச் சட்டென்று பிடித்துவிடும். நேராக, மெதுவாக வளர்வதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. செடியின் தண்டில் உடை உரசக் கூடாது. இறக்கையைத் திடீரென்று படபடவென்று அடித்தால் அப்படியே உறைந்து நில்லுங்கள்.

பெண் பூச்சி கொடிகளுக்கிடையில் தாழ்வாக, தயங்கித் தயங்கிப் பறந்து, இலை இலையாகத் தொட்டுப் பார்த்தால் முட்டையிட இடம் தேடுகிறது என்று பொருள். குறுகிய முன்னங்கால்களால் இலையைத் தட்டி ருசி பார்க்கும். எருக்கங் குடும்பத்துக் கொடிகளைத்தான் இந்தக் கூட்டம் நாடும். அப்போது தூரத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

பறக்கும் படம் வேண்டுமென்றால் 1/2500 வினாடி, தொடர் படம், பூவிலிருந்து ஒரு சாண் தள்ளி முன்கூட்டியே ஃபோகஸ். நூற்றில் ஒன்று தேறினால் நல்ல நாள்.

பின்னணியையும் பாருங்கள். இரண்டு மூன்று மீற்றருக்கு அப்பால் நிழலான காடு இருந்தால் கீற்றுகள் மின்னும். வெளுத்த வானம் பின்னால் வந்தால் கண்ணாடி மாதிரியான பகுதிகள் அதில் கரைந்துபோகும்.

செய்யக் கூடாதவை

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து, பூவில் ஒட்டவைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழகிய கண்ணுக்கு அந்தப் படம் உடனே தெரியும். கால்கள் பிடிப்பில்லாமல் இருக்கும், உறிஞ்சுகுழல் சுருண்டே இருக்கும். அது ஏமாற்று. பிடிப்பதும் சேகரிப்பதும் சட்டப்படி குற்றம்கூட. யால பூங்காவில் பூச்சிகளைப் பிடித்துப் போத்தலில் அடைத்ததற்காக 2020-இல் கைதான இரண்டு இத்தாலியர்களுக்கு 2024-இல் விதிக்கப்பட்ட அபராதம் 6 கோடி ரூபாய்.

தோட்டத்துக்குள் போகும்போது கங்காணியிடமோ காவல்காரரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். வெளியாட்கள் கமராவோடு திரிந்தால் கேள்வி வரும், அது நியாயமும்தான். கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அக்கா, இந்தப் பக்கம் குளவிக்கூடு இருக்கிறதா?" மலைநாட்டுத் தோட்டங்களில் குளவி கொட்டி உயிர் போனதும் உண்டு. மரத்தின்மேல் எங்கே கூடு கட்டியிருக்கிறது, எந்தச் செடிக்குள் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வரிசைக்குப் போகாதீர்கள், எவ்வளவு அழகான பூச்சி இருந்தாலும் சரி. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். ஓடைப் புதர்களில் சிறுத்தை தங்குவதும் மலைநாட்டில் புதிதல்ல. இருட்டு விலகும் முன் தனியாக இறங்க எந்தக் காரணமும் இல்லை. பூச்சியே ஏழரை மணிக்குத்தான் எழும்புகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

படத்தோடு திகதி, இடம், உயரம், எந்தப் பூ என்ற நான்கையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவேற்றினால் மற்றவர்கள் இனத்தைச் சரிபார்ப்பார்கள், உங்கள் தோட்டத்தின் பெயரும் வரைபடத்தில் ஏறும். திருத்தும்போது நீலத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் நீல வரியன் என்று எண்ணிக் குழம்ப வாய்ப்புண்டு.

கடைசியாக, மலைநாட்டுக்காரர் கவனிக்க வேண்டிய தொல்லை ஒன்று: லென்ஸுக்குள் பூஞ்சணம். மூடுபனியில் நனைந்த கமராவைப் பையோடு மூடி அலுமாரியில் வைத்தால், சில மாதங்களில் கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரி நூல் நூலாகப் படர்ந்துவிடும். வந்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து, சற்றுக் காற்றாட வைத்து, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறுகிற வகையை வாங்கினால் எப்போது ஈரமானது என்று தெரியும். குறைந்த சூட்டில் வெறும் சட்டியில் வறுத்தால் பழைய நிறம் வரும், திரும்பவும் பயன்படுத்தலாம். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள், தவிடுதான் உள்ளே போகும்.